200 டாலரில் வேடர்ஸ்: காலில் இருந்து மேலே வாங்குங்க

(எபிசோடின் பேச்சு, படிக்க ஏற்றபடி கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் ஃபிளை ராட், ரீல், லைன் பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, ராட் வாங்கியாச்சு. வேடர்ஸ் விலையைப் பார்த்தா தலை சுத்துது. 200 டாலருக்குள்ள ஏதாவது தேறுமா?"

தேறும். ஆனா எந்த வேடர்ஸ்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த 200 டாலரை எந்த வரிசையில் செலவு பண்ணணும்னு சொல்லணும். நான் அந்த வரிசையைத் தலைகீழா பண்ணி ஆத்துல விழுந்தவன்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் சியாட்டில்ல கோட் எழுதுறவன். சனிக்கிழமை காலையில ஐ-90 ஹைவேயில் கிழக்கே முக்கால் மணி நேரம் ஓட்டினா நார்த் பெண்ட்னு ஒரு சின்ன ஊர். அதைச் சுத்தி ஸ்னோக்வால்மி ஆற்றின் மூன்று கிளைகள் மலையிலிருந்து இறங்கி வரும். அதுல ட்ரவுட் உண்டு. பெரிய மீன் இல்ல, உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். பிடிச்சு, பார்த்து, விட்டுடுவோம்.

ஃபிளை ஃபிஷிங்ல தூண்டில் முள்ளுக்கு எடையே கிடையாது. இறகும் நூலும் கட்டின பொய்ப் பூச்சி அது. லைனோட எடையை வெச்சுத்தான் அதை வீசணும். வீசறதுக்கு முன்னாடி லைன் நமக்குப் பின்னாடி நீளமா விரியணும். இந்த ஆறுகளோட கரையில் அடர்த்தியா மரமும் புதரும். கரையில் நின்னு வீசினா மீன் மாட்டாது, மரம்தான் மாட்டும். அதனால ஆத்துக்குள்ள இறங்கி நிக்கணும். தண்ணியோ பனி உருகி வர்றது. அதுக்காகப் போடற, தண்ணி புகாத, மார்பு வரைக்கும் வர்ற பேண்ட்தான் வேடர்ஸ்.

என் முதல் வேடர்ஸை பாத்ரூம் கம்பியில காயப் போட்டிருந்தேன். அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. "யாரு கண்ணு அது, பின்னால தொங்கறது?" "ஆள் இல்லம்மா, வேடர்ஸ்." "வேடரா? கண்ணப்ப நாயனார் மாதிரியா?" ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்த வேடர்ஸ் ஏன் உள்பக்கமும் ஈரமா இருந்துச்சுன்னு நான் சொல்லல.

அன்னிக்கு என்ன நடந்தது

அது முதல் வருஷம். அக்கா கல்யாணக் கடன் ஓடிட்டிருந்தது, ஆபீஸ்ல லே-ஆஃப் பேச்சு வேற. பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட 60 டாலருக்கு வேடர்ஸ் வாங்கினேன். தடிமனான பிவிசி துணி, பூட்ஸ் அதோடயே ஒட்டினது. எனக்கு ரெண்டு சைஸ் பெரிசு. "உள்ள ஸ்வெட்டர் போட இடம் இருக்கும்"னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இடுப்பு பெல்ட் இல்ல. பூட்ஸோட அடிப்பாகம் தேஞ்சு வழவழன்னு இருந்தது. ஆனா தண்ணி ஒழுகல. வேடர்ஸ்னா ஒழுகக் கூடாது, அவ்வளவுதானேன்னு நினைச்சேன்.

மே மாசக் கடைசி, மெமோரியல் டே லீவு. ஊர்ல கத்திரி வெயில் அடங்கல. இங்க மலையில பனி உருகி ஆறு முழுசா ஓடுது. என்கூட வந்தவர் எங்க டீம்ல சீனியர், மதுரைக்காரர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவர் கரையோரம் நின்னார். நான் நாலு அடி தள்ளிப் போனா நல்லா வீசலாம்னு உள்ள போனேன். தண்ணி தொடைக்கு வந்தது. பாசி பிடிச்ச கல்லு மேல கால் வெச்சேன். வழுக்கிச்சு. உட்கார்ந்த மாதிரி விழுந்தேன்.

மார்புப் பக்கம் வழியா தண்ணி உள்ள கொட்டுச்சு. அந்தக் குளிர்ல மூச்சு தானா இழுத்துக்குது, நம்ம கையில இல்ல. எந்திரிக்கப் பார்த்தா கால் கனக்குது. ஆறு என்னை உருட்டிட்டே போச்சு. எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாது, அண்ணா சொல்லித்தான் தெரியும்: ஒரு பஸ் நீளத்துக்கு ரெண்டு மடங்கு. கீழே ஒரு சரளைக்கல் மேடு இருந்தது. அதுல போய் இடிச்சு நின்னேன். அண்ணா கைத்தடியை நீட்டி இழுத்தார். "நீச்சல் தெரியும்ல?"னு கேட்டார். தெரியாதுண்ணா.

எனக்கு ஊர் கொடுமுடி பக்கம், காவிரிக் கரை. கேட்கிறவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், ஆத்துக் கரையில வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாதான்னு. அம்மாவோட அண்ணன், எங்க பெரிய மாமா, நான் பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆடிப் பெருக்கு சமயத்துல காவிரியில போனவர். அதுக்கப்புறம் எங்க வீட்டுப் பிள்ளைங்க யாரும் படித்துறையில் மூணாவது படிக்குக் கீழே போனதில்ல. "ஆழம் தெரியாம காலை விடாதே"ன்னு மத்த வீட்ல பழமொழியா சொல்வாங்க. எங்க வீட்ல அது சட்டம்.

தண்ணி இழுத்து அமுக்குமா?

வேடர்ஸ்ல தண்ணி நிறைஞ்சா அது கல்லு மாதிரி நம்மை அமுக்கிடும்னு பலர் நம்புறாங்க. நானும் நம்பினேன். அது சரியில்ல. தண்ணிக்குள்ள இருக்கிற தண்ணிக்கு எடை தெரியாது. பக்கெட்டைக் கிணத்துக்குள்ள முக்கியிருக்கும்போது கையில கனம் தெரியாது, மேல தூக்கும்போதுதான் தெரியும். அமெரிக்க ஃபிளை ஃபிஷிங்ல பெரிய பெயரான லீ வுல்ஃப், இதை நிரூபிக்கவே வேடர்ஸ் போட்டுக்கிட்டு பாலத்திலிருந்து ஆத்துல குதிச்சுக் காட்டினார். தயவுசெஞ்சு நீங்க குதிக்க வேண்டாம்.

அப்போ ஆபத்து எங்க? மூணு இடத்துல. ஒண்ணு, தண்ணி நிறைஞ்ச துணி பை மாதிரி விரிஞ்சு, ஓட்டத்துல அதிகமா இழுபடும். ரெண்டு, எந்திரிச்சுக் கரை ஏறும்போதுதான் அந்தத் தண்ணி எடையாகும். பக்கெட் மேல வர்ற நேரம் அது. மூணு, குளிர். குளிர்ந்த தண்ணியில விழறதைப் பத்திச் சொல்லித் தர்றவங்க 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. மூச்சைக் கட்டுக்குள்ள கொண்டு வர 1 நிமிஷம். கை கால் உருப்படியா வேலை செய்யற நேரம் 10 நிமிஷம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். மிகக் குளிர்ந்த தண்ணிக்கான கணக்கு இது.

விழுந்துட்டா மல்லாந்துக்கோங்க, கால் ஓட்டம் போற திசையில் முன்னாடி இருக்கட்டும், கையால் துழாவிக் கரைப்பக்கம் சாயுங்க. வேகமான தண்ணியில உடனே எந்திரிச்சு நிக்கப் பார்க்காதீங்க. கல் இடுக்குல கால் மாட்டினா அதுதான் உண்மையான ஆபத்து.

இப்போ என் 60 டாலர் டீலைத் திரும்பப் பாருங்க. துணி நல்லா இருந்தது. பிடிப்பு இல்ல, பெல்ட் இல்ல, அளவு சரியில்ல. என்னை ஆத்துல தள்ளினதும் உருட்டினதும் இந்த மூணும்தான். அதனால என் வரிசை: அடிப்பாகம், பெல்ட், அளவு, தையல், கடைசியா துணி. கீழேயிருந்து மேலே.

முதல்ல பூட்ஸ்

ரெண்டு வகை வேடர்ஸ் உண்டு. பூட்ஸ் சேர்ந்தே வர்றது ஒண்ணு. நுனியில் நியோப்ரீன் சாக்ஸ் மட்டும் இருக்கிறது இன்னொண்ணு, இதுக்கு பூட்ஸ் தனியா வாங்கணும். ட்ரவுட் ஓடைக்கு ரெண்டாவதை வாங்குங்க. கல்லு மேல ஒரு நாள்ல பல மணி நேரம் நடக்கறோம். லேஸ் கட்டி, கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் வேணும். தவிர, வேடர்ஸ் கிழிஞ்சாலும் பூட்ஸ் மிஞ்சும்.

அடிப்பாகத்துல ரெண்டு கட்சி: ஃபெல்ட், ரப்பர். ஃபெல்ட்னா கம்பளம் மாதிரி அழுத்தின துணி. பாசிக் கல்லுல பிரமாதமா பிடிக்கும். ஆனா அது சீக்கிரம் காயாது. ஒரு ஆத்தோட பாசியையும் பூச்சியையும் ஈரத்தோட சுமந்து அடுத்த ஆத்துல விட்டுடும். நியூசிலாந்து 2008-லயே ஃபெல்ட்டைத் தடை பண்ணிடுச்சு. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2018-லிருந்து தடை. நியூசிலாந்து மண் நத்தைன்னு ஒண்ணு இருக்கு, சில மில்லிமீட்டர்தான். 1987-ல ஐடஹோ மாநிலத்து ஸ்நேக் ஆற்றில் கண்டுபிடிச்சாங்க, இப்போ மேற்கு அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கு. அதுக்குக் குட்டி போட ஜோடி வேண்டாம். உங்க பூட்ஸ்ல ஒட்டின ஒரே ஒரு நத்தை போதும்.

அதனால நான் ரப்பர் கட்சி. ஆனா வெறும் ரப்பர் பாசியில வழுக்கும், அதையும் மறைக்காம சொல்லிடறேன். உலோக ஸ்டட் தனியா வாங்கித் திருகி மாட்டிக்கணும். 20 டாலர். இந்த மொத்த லிஸ்ட்ல அதை விட உருப்படியான 20 டாலர் எதுவும் இல்ல. வீட்டுக்கு வந்ததும் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் காய வைக்கணும். அடுத்த வாரம் வேற ஆறுன்னா ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வைப்பேன். துருவின தேங்காய் பாக்கெட் பக்கத்துல என் பூட்ஸ் பையைப் பார்த்து ரூம்மேட் பேசாம இருந்த நாட்களும் உண்டு.

பூட்ஸ் வாங்கும்போது நியோப்ரீன் சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போட்டுப் பாருங்க. பொதுவா நம்ம ஷூவை விட ஒரு சைஸ் கூட வேணும். இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் மரத்துடும்.

ரெண்டாவது பெல்ட், மூணாவது அளவு

பெல்ட் பெரும்பாலும் வேடர்ஸோட இலவசமா வரும். பேண்ட் நழுவாம இருக்க அது இல்ல. விழுந்தா தண்ணி காலுக்கு வேகமா இறங்காம தடுக்கிறது அதுதான். இடுப்புல, மூச்சு விட முடியற அளவுக்கு இறுக்கமா கட்டணும். தொளதொளன்னு கட்டினா கட்டாததும் ஒண்ணுதான்.

அளவுக்கு வருவோம். இங்க சைஸ் சார்ட் எல்லாம் இங்கத்து உடம்புக்குப் போட்டது. நம்மல்ல பல பேருக்கு உயரம் ஸ்மால், வயிறு லார்ஜ். என்னைத்தான் சொல்றேன். நாலு அளவு எடுத்துக்கோங்க: மார்பு, வயிற்றுச் சுற்றளவு, உள்தொடையிலிருந்து தரை வரைக்கும் கால் நீளம், ஷூ சைஸ். பல கம்பெனிகள் மீடியம்லயே குட்டை, அகலம்னு தனி அளவு வெச்சிருக்காங்க. கடையில போட்டுப் பார்த்தா ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல வைங்க. அப்புறம் குந்தி உட்காருங்க. முட்டியிலயும் தொடை நடுவுலயும் இழுத்தா சின்னது, தையல் சீக்கிரம் போயிடும். முட்டிக்குக் கீழே துணி மடிஞ்சு தொங்கினா பெரிசு. அந்த மடிப்பு உரசி உரசித்தான் ஓட்டை விழும், ஓட்டத்துல இழுபடறதும் அதுதான்.

துணி: இட்லித் துணி கதை

இப்பதான் துணிக்கு வரோம். பிவிசி, ரப்பர் பூசின நைலான் எல்லாம் மலிவு. தண்ணி உள்ள வராது, வேர்வை வெளிய போகாது. நியோப்ரீன் நல்ல கதகதப்பு. குளிர்காலத்துல அசையாம ஒரே இடத்துல நிக்கிறவங்களுக்கு அது சரி. நாம கல்லு கல்லா தாவி ஒரு மைல் நடக்கறவங்க, வெந்துடுவோம்.

மூணாவது, காற்றோட்டத் துணி. இதைப் புரிஞ்சுக்க இட்லித் துணியை நினைச்சுக்கோங்க. ஆவியை விடும், மாவை விடாது. அதே மாதிரி இதுக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு நம்ம வேர்வை ஆவியை வெளிய விடும், தண்ணித் துளியை உள்ள விடாது. உள்பக்கம் சூடும் ஈரமும் அதிகம், வெளிய குறைவு, அந்த வித்தியாசம்தான் ஆவியை வெளிய தள்ளுது. 100-லிருந்து 200 டாலருக்குள்ள கிடைக்கிற வேடர்ஸ்லயும் இந்தச் சவ்வு இருக்கு. ட்ரவுட் ஓடைக்கு இதை வாங்குங்க.

அப்புறம் ஏன் 600, 900 டாலர்? கோர்-டெக்ஸ் மாதிரி நல்ல சவ்வு, முட்டியிலயும் பின்பக்கத்துலயும் கூடுதல் அடுக்கு, தண்ணி புகாத ஜிப், கிழிஞ்சா பழுது பார்த்துத் தர்ற சேவை. இதெல்லாம் ஏமாத்து வேலை இல்ல. வருஷத்துல 100 நாள் ஆத்துல நிக்கிற கைடுக்கு அது நியாயமான விலை. நான் வருஷத்துக்கு 12 நாள் போறவன். என் 95 டாலர் வேடர்ஸ் இப்போ மூணாவது சீசன்ல இருக்கு. 36 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 3 டாலருக்கும் குறைவு, ஒரு காபி விலை கூட இல்ல.

மலிவானதுல பார்க்க வேண்டியது தையல். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஒவ்வொரு தையல் மேலயும் டேப் ஒட்டியிருக்கணும், எங்கயும் குமிழி, பிரிசல் இருக்கக் கூடாது. தொடை நடுவுல நாலு தையல் ஒரே புள்ளியில சந்திக்குதான்னு பாருங்க. சந்திச்சா முதல் ஒழுகல் அங்கதான் வரும்.

மார்பு வரைக்கும் வர்றதையே வாங்குங்க. வெயில் அடிச்சா இடுப்பு வரைக்கும் மடிச்சு விட்டுக்கலாம். இடுப்பு வரைக்கும் வர்றதை மார்புக்கு ஏத்த முடியாது. உள்ள காட்டன் பேண்ட் மட்டும் வேண்டாம், ஈரமானா கதகதப்பே போயிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர்.

ஒழுக ஆரம்பிச்சா

ஒழுகும். எல்லா வேடர்ஸும் ஒரு நாள் ஒழுகும். இந்தப் பக்கம் முக்கியமான வில்லன் ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள்ளு. பேர்தான் ஹிமாலயன், அசல் ஊர் அர்மேனியா பக்கம். ஆத்தங்கரை முழுக்கப் படர்ந்திருக்கும். புதர் வழியா நடக்கும்போது வேடர்ஸைப் போட்டுக்காதீங்க, தோள்ல போட்டுக்கோங்க. ஓட்டை கண்ணுக்குத் தெரியலைன்னா உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, மருந்துக் கடையில கிடைக்கிற ரப்பிங் ஆல்கஹாலைத் தெளிங்க. பல காற்றோட்டத் துணிகள்ல ஓட்டை இருக்கிற இடம் கருப்புப் புள்ளியா தெரியும். அங்க ஒரு பொட்டு அக்வாசீல் பசை, ராத்திரி முழுக்கக் காய விட்டா முடிஞ்சது. 10 டாலர் டியூப் பல சீசன் வரும், மூடி இறுக்கி மூடினா. நனைஞ்ச வேடர்ஸைக் கார் டிக்கியில சுருட்டிப் போட்டுட்டு திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்புக்குப் போயிடாதீங்க. பூஞ்சை பிடிக்கும், நாத்தம் காரை விட்டுப் போகாது.

மொத்தக் கணக்கு

போன வருஷ மாடல் பூட்ஸ் 70. ஸ்டட் 20. சீசன் முடிஞ்சு தள்ளுபடியில வேடர்ஸ் 95. பசை 10. மொத்தம் 195 டாலர், வரி தனி.

அதுவும் இப்போ கையில இல்லையா? முதல் வருஷம் வேடர்ஸே வேண்டாம். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் இந்தச் சின்ன ஓடைகள்ல தண்ணி வத்தி, குளிரும் தாங்கற அளவுக்கு இருக்கும். சீக்கிரம் காயற பேண்ட், நியோப்ரீன் சாக்ஸ், அதே பூட்ஸ், அப்படியே இறங்குங்க. ஆனா எல்லா ஆத்துக்கும் இது பொருந்தாது. மலைக்கு அந்தப் பக்கம் யாக்கிமா ஆறு தலைகீழ். பாசனத்துக்காக மேல இருக்கிற அணைகள்லிருந்து கோடையில தண்ணி திறந்து விடுவாங்க, அப்போ அது நிறைஞ்சு ஓடும்.

இன்னொரு கணக்கு, இதுக்குச் செலவே கிடையாது. ஆத்துல இறங்கி நீரோட்டம் அளக்கிற அமெரிக்க அரசு நீரியல் ஆட்கள் பயன்படுத்தற விதி: தண்ணி ஆழத்தை அடியில எடுத்துக்கோங்க, வேகத்தை நொடிக்கு எத்தனை அடின்னு எடுத்துக்கோங்க. ரெண்டையும் பெருக்கினா 10-க்கு மேல வந்தா இறங்காதீங்க. வேகம் அளக்க ஒரு குச்சியைப் போட்டு 20 அடி போக எத்தனை நொடின்னு எண்ணினா போதும். அன்னிக்கு நான் நின்ன இடம் ரெண்டரை அடி ஆழம் இருக்கும். குச்சி 4 நொடியில போயிருக்கும், அதாவது நொடிக்கு 5 அடி. பெருக்கிப் பாருங்க, பன்னிரண்டரை. என்னை மாதிரி ஒல்லிக்கால் ஆளுக்கு 10-ம் அதிகம். நான் 7-லயே நின்னுக்கறேன்.

கடைசியா ஒண்ணு. அந்த மொத்தக் கணக்குல நான் சேர்க்காத ஒரு செலவு இருக்கு: பெரியவங்களுக்கான நீச்சல் வகுப்பு. 27 வயசுல, ஆறு வயசுப் பசங்க டைவ் அடிக்கிற குளத்துல, சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கால் உதைக்கக் கத்துக்கிட்டேன். வெட்கமாத்தான் இருந்தது. நீச்சல் தெரிஞ்சா ஆறு சும்மா விட்டுடும்னு அர்த்தமில்ல. ஆனா தண்ணிக்குள்ள முகம் போனதும் மூளை கத்தறது நின்னுடுச்சு.

அக்கா போன மாசம்தான் அம்மா போன்ல பாட்காஸ்ட் ஆப் போட்டுக் கொடுத்திருக்கா. அம்மா இதை எபிசோட்ல கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது இல்லையா? அதனால ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். விழுந்தது, உருண்டது, அண்ணா இழுத்தது. ரொம்ப நேரம் பேசல. மாமா பேரைச் சொல்வாங்கன்னு நினைச்சேன், சொல்லல. மீன் பிடிக்கப் போகாதேன்னும் சொல்லல.

"அந்த பெல்ட்டு கெட்டியாத்தானே இருக்குது, கண்ணு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

கெட்டியா இருக்கும்மா.

சரி மக்களே, உங்க அளவு, பட்ஜெட், போகப் போற ஆறு மூணையும் எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் பதில் சொல்றேன். அதுவரைக்கும் கரையில ஒரு நிமிஷம் நின்னு, குச்சியைப் போட்டுப் பார்த்துட்டு இறங்குங்க.